பாலத்துப் பாம்பும் அம்மாள் வருத்தமும்

சுவரின் அந்தப் பக்கத்தில் பாம்பு சீறியது. நனைத்த வெள்ளைத் துணி கண்களின் மேல் கிடந்ததால் பகலா மாலையா என்பதும் எனக்குத் தெரியவில்லை. படுக்கையில் பரப்பியிருந்த வேப்பிலைகளின் காம்புகள் முதுகில் குத்திக்கொண்டிருக்க, காய்ச்சலில் கனத்துப்போன காதுகளுக்கு அந்தச் சீறல் மட்டும் தெளிவாகக் கேட்டது. முதலில் சீறல், பிறகு நாலு தடவை வெட்டுச் சத்தம், பிறகு இடி விழுந்தது போல ஒரு முழக்கம், அதன் பிறகு எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று சொல்கிற மெதுவான இசை. கடைசியாகச் சுதன் அண்ணன் "சனியன்" என்று சொல்வதும் கேட்டது.

அந்தப் பாம்பு எங்கள் பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருந்தது. கடல் வந்து வாகரையில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போன பிறகு, பெரியம்மாவும் அவருடைய மகன் சுதன் அண்ணனும் வந்தாறுமூலையில் எங்கள் வீட்டில் வந்து தங்கினார்கள். பெரியப்பா மட்டும் திரும்பிப் போய், பழைய வளவில் ஒரு கொட்டில் போட்டு, புதிதாகக் கிடைத்த வள்ளத்தில் மீன்பிடித் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். சுதன் அண்ணனுக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். என் வயதுதான். அவளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

முகாமில் கொடுத்த நிவாரணப் பெட்டி ஒன்றுக்குள், எங்கள் ஊரில் யாரும் போடமுடியாத தடித்த கம்பளிச் சட்டைகளுக்கு நடுவில், யாரோ பாவித்த கேம் பெட்டியும் அதில் போடுகிற ஒரு விளையாட்டுத் தட்டும் இருந்தன. அதை அனுப்பிய நாட்டில் கரண்டின் வேகம் குறைவாம். நேரே குத்தினால் எரிந்துவிடும் என்று சொல்லி, சந்தியில் ரேடியோ திருத்துகிறவர் இடையில் ஒரு கனத்த இரும்புப் பெட்டியைப் பொருத்திக் கொடுத்தார். விளையாட்டில் வந்த எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து. ஒரு எழுத்தும் எங்களுக்கு விளங்காது. நாலு பேர் சேர்ந்து நாடு நாடாக நடக்கிறார்கள், வழியில் எதிரிகள் வருகிறார்கள், அவர்கள் ஒரு முறை, நாங்கள் ஒரு முறை என்று மாறி மாறி அடித்துக்கொள்ள வேண்டும் என்பதைப் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டோம். எங்கள் முறை வரும்போது ஒவ்வொருவருக்கும் நாலு வரி வரும். என்ன நடக்கிறது என்பதை வைத்து அவற்றுக்கு நாங்களே பெயர் வைத்தோம். முதல் வரி "அடி". இரண்டாவது "மந்திரம்". நாலாவது "ஓட்டம்". மூன்றாவதை அழுத்தினால் ஆள் அசையாமல் நிற்பான், ஒன்றும் நடக்காது. அதற்குச் "சும்மா" என்று பெயர் வைத்துவிட்டு, பிறகு அதைத் தொடவே இல்லை.

ஒரு பாலத்தில் அந்தப் பாம்பு குறுக்கே படுத்திருந்தது. நாங்கள் அதனிடம் எத்தனை முறை தோற்றோம் என்று எண்ணவில்லை. எங்கள் ஆட்களுக்குப் பலம் போதாது என்று நினைத்து, திரும்பக் காட்டுக்குள் போய்ச் சின்னச் சின்ன எதிரிகளை அடித்துப் பலத்தை ஏற்றிக்கொண்டு வந்தோம். அப்போதும் செத்தோம். அந்தச் சமயத்தில்தான் எனக்கு உடம்பெல்லாம் கொப்புளம் போடுகிற கொப்பளிப்பான் வந்தது.

எங்கள் பக்கத்தில் அதை வெறும் நோயாக யாரும் பார்ப்பதில்லை. "அம்மாள் வருத்தம்" என்பார்கள். கண்ணகி அம்மாள் அந்தப் பிள்ளையின் உடம்பில் வந்து இருக்கிறாள் என்பது கருத்து. வாசல் படலையில் வேப்பங்குலை கட்டியாகிவிட்டது. வீட்டில் தாளிப்பு நின்றது. வெளியார் உள்ளே வரக்கூடாது, உள்ளே இருப்பவர்கள் வேறு வீடுகளுக்குப் போகக்கூடாது. சுதன் அண்ணனுக்கு முன்பே வந்து போனதால் அவன் வீட்டில் நிற்கலாம் என்றார்கள். கண்ணுக்குக் கூடாது என்பதால் தொலைக்காட்சிப் பக்கமே போகாதே என்று அம்மா சொல்லிவிட்டார். ஆனால் அதே அம்மா என்னை "வாங்க", "இருங்க" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். பெரியம்மா இன்னும் ஒரு படி மேலே. அடிக்கடி வந்து கட்டிலின் பக்கத்தில் குனிந்து, "என்ன வேணும் தாயே? வாய் திறந்து கேளுங்க" என்பார். அம்மாள் குடியிருக்கிற பிள்ளை கேட்பதை மறுக்கக்கூடாது. பதினொரு வயதில் எனக்கு அது இன்பத்தைவிடப் பயத்தைத்தான் தந்தது.

ஒரு மத்தியானம் சுதன் அண்ணன் கதவுச்சீலைக்கு வெளியே வந்து குந்தினான்.

"புள்ள, முழிப்பா?"

"ம்."

"நீ இப்ப என்ன கேட்டாலும் தருவாங்கதானே?"

"நேற்று ஐஸ்பழம் கேட்டனான். தரல்ல."

"அது வேற. தடிமன் வரும் எண்டு நினைச்சிருப்பாங்க." கதவுச்சீலைக்குக் கிட்டே நகர்ந்தான். "உனக்கு வருத்தம் மாறித் தலைக்குத் தண்ணி வாத்த மற்ற நாள் நாங்க வாகரைக்குப் போறம். அப்பா என்னை வள்ளத்துக்கு வரட்டாம்."

"பள்ளிக்கூடம்?"

"அது பேருக்கு."

"நீ போகல்ல எண்டு சொல்லன்."

"ஏன் எண்டு கேட்டா என்னத்தச் சொல்ல?" என்றான். பிறகு மெதுவாக, "எனக்கு அந்தத் தண்ணியப் பார்க்க ஏலா. அத அவருக்கிட்டச் சொல்ல ஏலுமா? நீ கேள். நான் இஞ்ச நிண்டு படிக்கணும் எண்டு அம்மாள் கேட்கிற மாதிரிக் கேள்."

"அம்மாள்ட பேரில பொய் சொன்னாக் கண் போயிடும்."

"பொய்யில்லயே. நான் நிக்கிறது உனக்கு விருப்பம்தானே?"

எனக்கு விருப்பம்தான். ஆனால் அம்மாள் கோபித்து வருத்தத்தைக் கூட்டிவிட்டால் என்ன செய்வது, பெரியப்பாவுக்கு உதவிக்கு யார், பெரியம்மா யாரோடு இருப்பார் என்றெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக யோசனை வந்தது. அவன் எழும்பிப் போய்த் திரும்பப் பாம்போடு மல்லுக்கட்டத் தொடங்கினான்.

யோசிக்கப் பயந்ததால் நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். கேட்கக் கேட்க ஒன்று புலப்பட்டது. படம் தெரியாவிட்டாலும் அவன் என்ன செய்கிறான் என்பதைக் காதாலேயே சொல்ல முடிந்தது. ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கும்போது பெட்டி "டிக்" என்று ஒரு சத்தம் போடும். டிக் இல்லாமல் தெரிவுசெய்தால் அடி, ஒரு டிக் என்றால் மந்திரம். நாலு பேருக்கும் அவன் அடியைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தான். இடி விழும். நாலு அலறல் கேட்கும். திரும்பவும் முதலிலிருந்து.

ஒரு தடவை அவனுக்குக் கை வழுக்கியிருக்க வேண்டும். நாலாவது ஆளுக்கு இரண்டு டிக் கேட்டது. "ஐயோ, சும்மாவுக்குப் போயிட்டுது" என்று அவன் முணுமுணுத்தான். இடி விழுந்தது. ஆனால் மூன்று அலறல்தான் கேட்டது.

நான் துணியை எடுத்துவிட்டு எழும்பி உட்கார்ந்தேன். மூன்று பேர் விழுந்ததைப் பார்த்த சலிப்பில், நாலாவது ஆள் நின்றுகொண்டிருப்பதை அவன் கவனிக்கவில்லை. பெட்டியை நிறுத்தித் திரும்பப் போட்டுவிட்டான். எனக்கு மட்டும் வரிசை முழுவதும் ஒரே நேரத்தில் விளங்கியது. சும்மா என்பது ஒன்றும் செய்யாமல் நிற்பதில்லை, கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது. சீறல் என்பது அடியில்லை, அடுத்து வரப்போகிற இடிக்குப் பாம்பு மூச்சு இழுப்பது. இதற்கு முந்திய தோல்விகளில் ஒன்றிரண்டு முறை தப்பிய ஆட்களையும் நினைத்துப் பார்த்தேன். இடிக்குப் பிறகு வந்த பாம்பின் முறையில் ஒரு சத்தமும் இருந்ததில்லை. பாம்பு களைத்துப்போய்க் கிடக்கிற நேரம் அது. அடிக்க வேண்டியது அப்போதுதான். இவ்வளவு நாளும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் பலம் என்ற ஒன்றைத்தான் கண்டோம். முறை என்று ஒன்று இருப்பதைக் காணவில்லை.

பெரியம்மா இளநீரோடு வந்து, "என்ன வேணும் தாயே?" என்று கேட்டபோது நான் சொன்னேன்.

"அண்ணனிட்டச் சொல்லுங்க. பாம்பு சீறினா நாலு பேருக்கும் சும்மா எண்டதக் குடுக்கட்டாம். இடி போன பிறகு அடிக்கட்டாம்."

பெரியம்மா ஏன், எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. இளநீரை வைத்துவிட்டு நேரே ஹோலுக்குப் போனார்.

"டேய், தாய் சொல்லுறா, கேள். பாம்பு சீறினா எல்லாரும் சும்மா நிக்கட்டாம்."

"ஆரு சொல்றா?"

"அம்மாள்தான்டா."

"அம்மாளுக்கு இந்தக் கேம் எப்படியம்மா தெரியும்?"

"அவவுக்குத் தெரியாதது என்ன இரிக்கி? கதைக்காம விளையாடுடா."

குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வந்தது. "வருத்தக்காரப் புள்ளையோட என்னகா விளையாட்டுக் கதை?"

"நீ உன்ட கஞ்சியப் பாரு, அடிப் பிடிக்கப் போகுது" என்றார் பெரியம்மா.

அதன் பிறகு கேட்டவை எல்லாம் எனக்கு இன்றும் வரிசையாக நினைவிருக்கின்றன. சீறல். இரட்டை டிக் நாலு தடவை. இடி. அலறல் இல்லை. நாலு வெட்டு. பாம்பின் முறை சத்தமில்லாமல் கழிந்தது. மறுபடியும் நாலு வெட்டு. திரும்பச் சீறல். இப்படி வெகுநேரம் போய், கடைசியில் நாங்கள் ஒருபோதும் கேட்டிராத ஓர் இசை வந்தது. சுதன் அண்ணன் சத்தம் போடவில்லை. சுவரில் இரண்டு தட்டுத் தட்டினான். நானும் தட்டினேன்.

இரண்டு நாள் கழித்துப் பெரியப்பா வந்தார். வருத்த வீடு என்பதால் உள்ளே வராமல் முற்றத்தில் நின்றார். என் யன்னல் அந்தப் பக்கம்தான்.

"தண்ணி வாத்த மற்ற நாளே வெளிக்கிடணும்" என்றார். "டிவிக்கு முன்னால குந்திக்கிட்டு இருக்கவா இவன வளத்தனான்? வள்ளத்துக்கு ஆளில்லாம நான் கூலிக்கு ஆள் தேடித் திரியிறன்."

"அவன்ட படிப்பு?" என்றார் பெரியம்மா.

"அங்கயும் பள்ளிக்கூடம் நடக்குது. மரத்துக்குக் கீழ இருந்தாப் படிப்பு ஏறாதா? நீதான் அவனப் பயந்தவனாக்கி வச்சிரிக்காய்."

சுதன் அண்ணன் ஹோலில் இருந்தான் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்துவிட்டேன். யன்னல் வழியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அந்த நேரத்தில் சொல்லியிருந்தால், பிள்ளை காய்ச்சலில் பிதற்றுகிறது என்று அவர் தள்ளியிருப்பார், பிறகு அந்தச் சொல்லுக்கு மதிப்பிருந்திருக்காது. பெரியப்பாவின் குரல் ஏறிக்கொண்டே போனது. நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் பேசி முடித்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு மாமரத்தடியில் போய் உட்கார்ந்தார். முற்றத்தில் ஒரு காகம்கூடக் கரையவில்லை.

பெரியம்மா உள்ளே வந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்தார். "என்ன வேணும் தாயே?"

"சுதன் அண்ணன் இஞ்ச நிண்டு படிக்கட்டும்" என்றேன்.

அவர் உடனே எழும்பவில்லை. என் கால்மாட்டில் கிடந்த வேப்பிலைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஒழுங்காக வைத்தார். பிறகு முற்றத்துக்குப் போய், அம்மாள் இப்படிக் கேட்கிறா என்று சொன்னார். பெரியப்பா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அவ கேட்டா நான் என்னத்தச் சொல்ல" என்றார்.

தலைக்குத் தண்ணீர் வார்த்த மறுநாள் பெரியம்மா மட்டும் வாகரைக்குப் பஸ் ஏறினார். இரண்டு பிள்ளைகளில் ஒன்றைக் கடலுக்குக் கொடுத்தவர், மற்றதை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். சுதன் அண்ணன் எங்கள் வீட்டில் நின்று படித்து, இப்போது கரடியனாற்றுப் பக்கம் விவசாயப் போதனாசிரியராக இருக்கிறான்.

அந்த இரும்புப் பெட்டி ஒரு மாரி மழையில் இடி இறங்கி எரிந்து, அதோடு கேம் பெட்டியும் போனது. இப்போது என் ஏழு வயது மகள் கைத்தொலைபேசியில் விளையாடுகிற விளையாட்டுகளில், எங்கே தொட வேண்டும் என்று ஓர் அம்புக்குறி வந்து காட்டுகிறது. கொப்பளிப்பானுக்குத் தனியார் மருத்துவமனையில் காசு கட்டி அவளுக்கு ஊசி போட்டுவிட்டேன். போட்டது சரிதானா, இரண்டாவது ஊசியையும் போட்டிருக்க வேண்டுமா என்று இப்போதும் யோசிப்பதுண்டு. எங்கள் ஒழுங்கையின் இரு பக்க வீடுகளிலும் வேப்பங்குலை கட்டிய படலையைக் கண்டு கனகாலமாகிறது.

தாயான பிறகு எனக்கு அந்த விடயம் கரைச்சல் தரத் தொடங்கியது. ஒரு தாயிடமிருந்து மிஞ்சிய பிள்ளையையும், அம்மாளின் பெயரைச் சொல்லி, நான் வாங்கிவிட்டேனோ என்பதுதான் அது. போன மாதம் மகளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டுப் பெரியம்மா பார்க்க வந்தபோது, தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டுவிட்டேன். பெரியப்பா இப்போது இல்லை என்பதால்தான் கேட்க முடிந்தது.

"அண்டைக்குக் கேட்டது அம்மாள் எண்டு நம்பித்தான் அண்ணன விட்டிட்டுப் போனீங்களா?"

பெரியம்மா சிரித்தார்.

"எனக்கென்ன விசரா? பெத்தவளுக்கு அவன் கடலுக்குப் பயந்தவன் எண்டு தெரியாதா மகள்? அத நான் சொன்னா அந்த மனுசன் அவன இன்னும் ரோசத்தில இழுத்துக்கிட்டுப் போயிருப்பார். நீ கேட்டா மறுக்கமாட்டார் எண்டு எனக்குத் தெரியும். அதுக்குத்தானே நான் மூச்சுக்கு மூச்சு வந்து வந்து என்ன வேணும், என்ன வேணும் எண்டு கேட்டுக்கிட்டு நிண்டன். நீ அத மட்டும் கேட்காம ஐஸ்பழத்தையும் பாம்பையும் சொல்லிக்கிட்டுக் கிடந்தாய்."

தோடம்பழச் சுளையை மகளின் வாயில் வைத்துவிட்டு, அவர் கையைத் துடைத்துக்கொண்டார். காலையிலிருந்து வெப்பமானியை எத்தனையோ தடவை மகளின் கமக்கட்டில் வைத்துப் பார்த்திருந்தேன். உனக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் நான் ஒரு தடவையும் கேட்டிருக்கவில்லை.