கொக்கும் ஆடும்

"சரி, அசையாம பாரும்மா," என்றாள் மகள். கல்லூரி ஆய்வுக்காக லேப்டாப்பில் ஒரு படத்தைக் காட்டி, என் கண் அசைவைப் பதிவு செய்துகொண்டிருந்தாள். கூலரிலிருந்து நனைந்த வெட்டிவேர் வாசனை வந்தது.

சின்ன வயதில் நாங்கள் குடியிருந்த கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸிலும் இதே வாசனைதான். விளக்கேற்றியதும் அப்பா என்னை உட்காரவைத்துச் சுலோகம் சொல்ல வைப்பார். சாமி அலமாரிக்கு மேலே சுவரில் ஓர் ஈரக் கறை. இடது ஓரத்தைப் பார்த்தால் நீண்ட அலகோடு கொக்கு. பார்வையை வலப்பக்கம் நகர்த்தினால் அந்த அலகே கொம்பாகி, ஆடு. அப்பாவிடம் சொன்னேன்.

"பொம்பளப் புள்ளைக்குக் கண்ணு ஏன் அலையுது? ஒரே எடத்தப் பாரு. கொக்கு மட்டும்தான் தெரியும்."

கண்ணில் நீர் வழியும்வரை ஒரே இடத்தைப் பார்த்தேன்.

"இப்ப என்ன தெரியுது?"

"ஆடு."

முதுகில் ஓர் அறை விழுந்தது.

"இப்ப?"

"ஆடுதாம்ப்பா."

அன்றிரவு எனக்குச் சாப்பாடு இல்லை. பொய் சொல்லிச் சாப்பிட எனக்கு இஷ்டமும் இல்லை.

மகள் திரையை என் பக்கம் திருப்பினாள். "ஒரே எடத்தத்தான் பாத்தே. ஆனாலும் கண்ணு துளித்துளியா அசைஞ்சிட்டே இருக்கு பாரு. யாராலயும் அதை நிறுத்த முடியாதும்மா."

யாராலும் முடியாது என்றால், அப்பாவாலும் முடிந்திருக்காது.

அந்த ஆட்டை அவரும் பார்த்திருக்கிறார்.