பீடிக்கார அண்ணாச்சியும் இருமல் மருந்தும்

மருந்துச் சோதனைக்காகப் பீடி குடிக்கிறவர்களைத் தேடிப் பிடித்து, சோதனை நாள் காலையில் மட்டும் குடிக்கவிடாமல் பஸ் ஏற்றிக் கூட்டிவருவதெல்லாம் ஒரு வேலையா என்று, வீடுவீடாகப் படியேறும் உத்தியோகம் பார்க்கிற நீங்களாவது கேட்கமாட்டீர்கள்.

இருமல் மருந்தில் சேர்க்கிற ஒரு சரக்கு, புகை பிடிப்பவர்களின் ரத்தக்குழாயைக் காக்குமா என்று எங்கள் டாக்டரம்மா பார்க்கிறார். பாதிப் பேருக்கு அந்த மாத்திரை, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது. "பீடியை விடுவதுதான் முதல் மருந்து" என்று எல்லாரிடமும் சொல்லிவிடுவார்.

ஏரல் வாழைத்தார்

பேச்சிமுத்து அண்ணாச்சி ஏரலில் வாழைத்தார் சுமக்கிறவர். பீடியால் ரத்தக்குழாய் அடைத்து அவர் அப்பாவுக்குக் கால் எடுத்தார்கள். இப்போது இவருக்கும் நடந்தால் கெண்டைக்கால் இழுக்கிறது. வெறும் மாத்திரையாகவும் இருக்கலாம் என்று உள்ளதைச் சொன்னேன். தார் தோளில் இருக்க, நின்றபடியே சொன்னார்: "இருந்தா இருக்கட்டும் தாயி. எப்படியும் குழாயச் சோதிச்சுப் பாப்பாங்கல்லா? எனக்குக் காலு வேணும்."

டாக்டரம்மா கை

முழங்கைக்குக் கீழே பட்டையை இறுக்கி, ஐந்து நிமிஷம் ரத்தத்தை நிறுத்திவிட்டுத் தளர்த்துவார்கள். குழாய் எவ்வளவு விரிகிறது என்று திரையில் தெரியும். வந்திருந்த ஆறு பேரும் கதவைப் பார்த்தார்கள். டாக்டரம்மா தன் கையில் கட்டச் சொல்லி, விரல் வெளிறும்வரை சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பேச்சிமுத்து அண்ணாச்சி பக்கத்து ஆளை இடித்தார்: "அவுகளே கைய நீட்டுதாக, நமக்கென்ன வே!"

அண்ணன் முன்னால்

பெயர் பதியும்போது அண்ணாச்சிக்குத் துணையாக அவர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். "ஒரு நாளைக்கு எத்தனை பீடி?" என்றார் டாக்டரம்மா. "எனக்கு அந்தப் பழக்கமே இல்லம்மா" என்றார் அண்ணாச்சி, சட்டைப்பையில் பீடிக்கட்டு துருத்திக்கொண்டிருக்க. புகை பிடிக்காதவருக்குச் சோதனையில் இடமில்லை. டாக்டரம்மா பெயரை அடிக்கப் பேனாவை எடுத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் அண்ணன் முன்னால் பீடி என்ற பேச்சே எடுக்கமாட்டார்கள். காலே போனாலும் இந்த மனுஷன் வாய் திறக்கமாட்டார்.

"பெரியண்ணாச்சி, கொஞ்சம் வெளியே காத்தாட நில்லுங்களேன்" என்றேன். அவர் அசையவில்லை. சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "எழுதிக்கோங்க தாயி, நாளைக்கு ஒரு கட்டு. முப்பது வருசமா தொழுவத்துப் பக்கம் போகும்போதெல்லாம் நான் இருமிக்கிட்டேதான் போறேன், அவன் அணைச்சுக்கிடட்டும்னு."

மருந்து குழாயைக் காக்குமா என்பது இனிமேல்தான் தெரியும். அண்ணன் இருமல் தம்பி மானத்தைக் காத்தது மட்டும் சோதனைக்கு முன்பே ருசுவாகிவிட்டது.