சட்டைப்பைக்குள் மின்னல்

புதுப் போன் வாங்க நான் உத்தமபாளையத்தில் ஒரு கடைகூட ஏறவில்லை. பஸ் பிடித்துத் தேனிக்குப் போனேன். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒரு போன் கடை இருக்கிறது. அதில் பாதி சொந்தக்காரர்களுடையது. அதுதான் சிக்கலே. நான் கேட்க வேண்டியிருந்ததைத் தெரிந்த முகத்தைப் பார்த்துக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

“மெசேஜ் வந்தா லைட்டு மின்னுற மாதிரி ஒரு போன் வேணும்,” என்றேன் தேனிக் கடைக்காரரிடம். நல்லவேளை, அவர் குரல் தடித்த குரல். அந்த மாதிரிக் குரல் எனக்குக் கேட்கும்.

“அந்தச் சின்ன லைட்டெல்லாம் இப்ப வர்ற போன்ல கெடையாது சார். அதுக்குப் பதிலா கேமரா ஃபிளாஷை அடிக்க வச்சுக்கலாம். திரை ஓரத்துல கலர் ஓட விடலாம், ஆளுக்கு ஒரு கலரு. ஏன் சார், ரிங்டோன் சத்தம் போதாதா?”

“தோட்டத்துல மோட்டார் ஓடுற சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்குது.”

வாய் கூசாமல் சொன்னேன். என் திராட்சைத் தோட்டத்து மோட்டார் கிணற்றுக்குள் தண்ணீரில் மூழ்கிக் கிடப்பது. பக்கத்தில் போய் நின்றாலும் அது ஓடுகிறதா இல்லையா என்று தெரியாது. கேட்காமல் போனது என் காது.

திராட்சைக்கு மருந்தடிக்கிற மெஷினை முதுகில் கட்டிக்கொண்டு பந்தலுக்கு அடியிலேயே இத்தனை வருடமாகக் குனிந்து நடந்ததில் போனதோ, வயதில் போனதோ, எனக்குத் தெரியாது. டாக்டரிடம் காட்டினால்தானே தெரியும். முதலில் பறவைச் சத்தம் போயிற்று. அதற்காக நான் வருத்தப்படவில்லை, திராட்சையைக் கொத்துகிற சனியன்கள். பிறகு குக்கர் விசில். அப்புறம்தான் பெண்கள் குரல் போக ஆரம்பித்தது. பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது.

காட்டிக்கொள்ளாமல் சமாளித்தேன். எல்லாரும் சிரிக்கும்போது சிரித்தேன், சற்றுப் பிந்தி. யாராவது நீளமாகப் பேசினால் “அது சரி” என்றேன். எதற்கும் பொருந்துகிற வார்த்தை அது.

இதை ஏன் மறைக்க வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் ஊரில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். அதனால் ஆளை அடையாளம் சொல்லப் பட்டப்பெயர்தான். நிக்காஹ் பத்திரிகையிலேயே பெயருக்குப் பின்னால் அதை அச்சடிப்பார்கள், போடாவிட்டால் இன்னார் வீடு என்று விளங்காது. என் பெரியத்தாவுக்கு, அதாவது அத்தாவின் அண்ணனுக்கு, காது மந்தம். அவருக்கு ‘டமாரம்’ என்று பெயர். அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போய் எத்தனையோ காலம் ஆகிறது, அவர் பேரன் கல்யாணப் பத்திரிகையிலும் டமாரம் வீடு என்றுதான் வந்தது. அந்தப் பத்திரிகையை மடித்து வைத்த அன்றைக்கே முடிவு செய்தேன், என் காது விஷயம் என்னோடு போகட்டும் என்று.

புதுப் போனைத் தோட்டத்து மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோய்த்தான் பிரித்தேன். மாலை வெயில் இறங்குகிற வரை அமைப்புகளுக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வந்தேன். ஃபிளாஷ் அடிக்க வைக்கிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடினால், ‘கேட்கும் திறன்’ என்ற தலைப்புக்குக் கீழே உட்கார்ந்திருந்தது. காது சரியாகக் கேளாதவர்களுக்கான வசதி என்று அடியில் விளக்கம் வேறு. யாருமே இல்லாத அறையில் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு அதைத் தொட்டேன். போன் சத்தமில்லாமல் இருந்தாலும் மின்ன வேண்டுமா என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

அடுத்தது நிறங்கள். எங்கள் மோட்டார் ஸ்டார்ட்டரில் ஒரு சிம் போட்டிருக்கிறோம். தோட்டத்துக்குக் கரண்ட் வந்தாலும் போனாலும் அது எனக்கு மெசேஜ் அனுப்பும். அதற்குப் பச்சை. திராட்சை வியாபாரிக்கு மஞ்சள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மகளுக்கு நீலம். ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவுக்கு வெள்ளை, ஏனென்றால் யார் மௌத்தானாலும் செய்தி அதில் வந்துவிடும். பள்ளிவாசல் ஒலிபெருக்கி அறிவிப்பு எனக்கு வெறும் இரைச்சலாகி விட்டிருந்தது.

வரிசையில் என் மனைவி பெயர் வந்தது. அவளுக்கு நான் எந்த நிறமும் வைக்கவில்லை. ஒரே வீட்டில் இருப்பவள் எதற்கு மெசேஜ் அனுப்பப்போகிறாள்? வேண்டியதை அடுப்படியில் இருந்து சொல்வாள். அடுப்படியில் இருந்து சொல்வதற்கு மின்னுகிற போனை இன்னும் யாரும் செய்யவில்லை.

அவள் விஷயத்தில்தான் நான் மிகவும் கேவலமாக நடந்துகொண்டேன். அவள் குரல் மெல்லிசான குரல். எனக்கு முதலில் தொலைந்த குரல்களில் அதுவும் ஒன்று. அவள் கூப்பிடுவாள், நான் திரும்ப மாட்டேன். பக்கத்தில் வந்து ஏதாவது கேட்பாள். அரைகுறையாகப் புரியும், பதில் தப்பாகிவிடுமோ என்று பயந்து பேசாமல் இருப்பேன். ஒரு நாள் எனக்கு நேர் எதிரே வந்து நின்று, “நான் பேசுறது பிடிக்கலைன்னா சொல்லிருங்க,” என்றாள். உதட்டைப் பார்த்ததில் அது நன்றாகவே விளங்கியது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செவிடன் என்று அவள் நினைப்பதைவிடத் திமிர் பிடித்தவன் என்று நினைப்பதே எனக்குக் கௌரவமாகப் பட்டது.

அதற்குப் பிறகு அவள் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சாப்பாடு தயார் என்றால் தட்டைக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டுவாள். அது எனக்குக் கேட்கும். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவள் பேசாமல் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது. அதே சமயத்தில் அவளுடைய அண்ணன், என் மச்சானும் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். பள்ளிவாசலில் பார்த்தால் சலாம் சொல்வார், அதோடு சரி. தங்கச்சியிடம் நான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று கோபம்போல என்று நினைத்துக்கொண்டேன்.

போன் வாங்கிய அதே வாரம், மஃரிப் தொழுகை. பொழுது சாய்ந்து உள்ளே விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள். நான் முன் வரிசையில் நின்றேன், மைக் குழாய்க்கு நேர் கீழே. அங்கே நின்றால்தான் தொழ வைக்கிற ஹஜ்ரத் ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் சொல்வது கேட்டு நான் குனிய முடியும், நிமிர முடியும். கடைசி ரக்அத்தில் எல்லாரும் சஜ்தாவுக்குப் போனோம். நெற்றி தரையில் பட்ட நேரத்தில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் ஏற்கெனவே பழுது. விளக்கும் போயிற்று, மைக்கும் போயிற்று.

ஊருக்குக் கரண்ட் போனால் தோட்டத்துக்கும் போகும். தோட்டத்துக்குப் போனால் ஸ்டார்ட்டர் என்ன செய்யும்? தன் கடமையைச் செய்தது. சத்தமில்லாமல் வைத்திருந்த போன் என் சட்டைப்பைக்குள் இருந்து பளீர் பளீர் என்று அடித்தது. குனிந்து கிடந்ததால் பை தொங்கி, வெளிச்சம் நேராகக் கம்பளத்தில் விழுந்தது. கம்பளத்தின் பூ ஒவ்வொன்றாகத் தெரிந்து மறைந்தது. கரண்ட் ஒரு வெட்டு வந்து மறுபடி போனது. வந்ததற்கு ஒரு மெசேஜ், போனதற்கு ஒரு மெசேஜ். மறுபடி பளீர், பளீர்.

நான் சஜ்தாவிலேயே கிடந்தேன். ஹஜ்ரத் எழச் சொல்வார் என்று காத்திருந்தேன். இன்றைக்கு ரொம்ப நேரம் சஜ்தா செய்கிறார் என்றுகூட நினைத்தேன். பக்கத்தில் யாரோ என் முழங்கையைத் தொட்ட பிறகுதான் தலையைத் தூக்கினேன். எல்லாரும் எப்போதோ எழுந்து இருப்பில் உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருவன்தான் இருட்டுக்குள் குப்புறக் கிடந்து மின்னிக்கொண்டிருந்திருக்கிறேன். பையை உள்ளங்கையால் பொத்தினேன். விரல் இடுக்கில் சிவப்பாகத் தெரிந்தது. அந்தத் தொழுகையின் மிச்சத்தில் அல்லாவை நான் நினைக்கவே இல்லை. பின் வரிசையில் யார் யார் பார்த்தார்கள் என்பதைத்தான் நினைத்தேன்.

சலாம் கொடுத்துத் தொழுகையை முடித்ததும் கரண்ட் வந்தது, எல்லார் முகத்தையும் நான் தெளிவாகப் பார்க்கட்டும் என்பதற்காகவே வந்தது போல. முற்றத்தில் செருப்பைத் தேடுகிற இடத்தில் ஒருவர், “என்ன பாய், கல்யாண வீட்டு சீரியல் செட்டைப் பைக்குள்ள போட்டு வந்தீகளா?” என்றார். சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன், வழக்கம்போல் சற்றுப் பிந்தி.

ஹஜ்ரத் என் பக்கம் வந்து, “போனை அணைச்சு வச்சிருங்க பாய்,” என்றார், கோபம் இல்லாமல்தான்.

“புதுப் போனு ஹஜ்ரத். என்னமோ தானா அடிக்குது. எனக்கு ஒண்ணும் வெளங்கல,” என்றேன். பள்ளிவாசல் முற்றத்தில் நின்றுகொண்டு சொன்ன பொய்.

“யாராச்சும் பாத்து நிப்பாட்டிக் குடுங்க,” என்றார் அவர்.

பக்கத்தில் நின்று தொழுத மச்சான் முன்னால் வந்தார். இருட்டில் என் முழங்கையைத் தொட்டவர் அவர்தான். கையை நீட்டினார், போனைக் கொடுத்தேன். கொடுக்காமல் எப்படி இருப்பது? அவர் விரல் அமைப்புகளுக்குள் இறங்கியது. ‘கேட்கும் திறன்’ என்கிற இடத்தில் அவர் விரல் நின்றது. அதையும் அடியில் இருந்த விளக்கத்தையும் வாய்க்குள் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். சஜ்தாவில் நான் கிடந்த கிடையையும் அதோடு சேர்த்துப் பார்த்திருப்பார். எதையும் நிறுத்தாமலேயே போனை என் பையில் திருப்பிப் போட்டார்.

“சரியாப் போச்சா?” என்று யாரோ கேட்டார்கள்.

“சரியாப் போச்சு,” என்றார் மச்சான், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. பிறகு என் காதுக்குப் பக்கத்தில் வந்து, “நடங்க மாப்ள, வீட்டுக்கு நானும் வாரேன்,” என்றார்.

வீட்டில் என்னை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு நேராக அடுப்படிக்குப் போனார். அண்ணனும் தங்கச்சியும் என்ன பேசினார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரத்தில் வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தார். திராட்சை என்ன விலைக்குப் போகிறது என்றார். நானும் ஏதோ சொன்னேன். அவர் கண் அடிக்கடி என் தோளுக்கு மேலே போய்ப் போய் வந்தது. கடைசியில் அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் கண் போன திசையில் நான் திரும்பினேன்.

என் நாற்காலிக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். கை எட்டுகிற தூரம். கன்னம் நனைந்திருந்தது. என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள்.

“எத்தனை வாட்டி கூப்பிட்டா தெரியுமா மாப்ள,” என்றார் மச்சான்.

அவள் என் முன்னால் வந்து ஏதோ பேச ஆரம்பித்தாள். அழுகையும் கோபமும் சேர்ந்து உதடு நடுங்கியதால் உதட்டையும் படிக்க முடியவில்லை. ‘அது சரி’ என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. மூடிக்கொண்டேன்.

“கேக்கலை,” என்றேன். “எனக்குக் காது கேக்கலை. சத்தமாச் சொல்லு.”

அவள் சத்தமாகச் சொன்னாள். கல்யாணம் ஆன நாளில் இருந்து அவள் அத்தனை சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை.

“செவிடுன்னு சொல்லியிருந்தா நான் சத்தமாப் பேசியிருப்பேன்ல! திமிருன்னு நெனச்சுப் பேசுறதையே விட்டுட்டேனே! மார்ல ஒரு கட்டி தட்டுப்படுதுங்க, பயமா இருக்குன்னு உங்ககிட்டதான் மொதல்ல சொன்னேன். மூஞ்சியப் பாத்துச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு முதுகுக்குப் பின்னால நின்னு சொன்னேன். நீங்க பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தீக. நான் சொல்லி முடிச்சதும் அடுத்த பக்கத்தைத் திருப்புனீக. அண்ணந்தான் தேனிக்குக் கூட்டிட்டுப் போனாக. ஊசியப் போட்டு எடுத்துப் பாத்தாக. ஒண்ணும் இல்லைன்னுட்டாக. அந்த ரிசல்ட் வார வரைக்கும் நான் உங்க பக்கத்துலதான் படுத்துக் கெடந்தேன். ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க!”

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. எதிர் வீட்டு வாசலில் இரண்டு பேர் நின்று எங்கள் வீட்டையே பார்த்தார்கள். என் காதும் அவள் மாரும் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. சத்தத்தைக் குறை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“இப்பக் கேட்டுச்சா?” என்றாள்.

“கேட்டுச்சு,” என்றேன்.