கடைசிப் பெட்டி வராத படமும் போர்ட் பிளேரில் இரண்டு நாளும்

அறுபத்தொன்பதாம் வருடம், பொங்கல் கழிந்த முதல் சனிக்கிழமை காலை, அந்தமானில் புரோத்ராபூர் விடுதியிலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பினோம். தூரம் ஆறு மைல் இருக்கலாம். ஆறு மைலுக்கு ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிக்கிறவர்கள் பெண்கள் விடுதியில் தங்கிப் படித்திருக்கமாட்டார்கள். மாதத்துக்கு ஒருமுறைதான் எங்களை வெளியே விடுவார்கள். அதுவும் டவுனில் தெரிந்த குடும்பம் ஒன்று பொறுப்பேற்றால்தான்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் நான். மதுரைக்காரியான நான், இங்கே பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்த அண்ணனை நம்பிக் கடல் தாண்டி ஆசிரியப் பயிற்சிக்கு வந்தேன். வந்த சில மாதங்களிலேயே அவனைக் கார் நிக்கோபார் தீவுக்கு மாற்றிவிட்டார்கள். பாஸ்போர்ட் கேட்கவில்லையே தவிர, அதன்பின் எனக்கு இது அசல் வெளிநாடுதான். கடைத்தெருவில் தமிழ்க் குடும்பங்களே தங்களுக்குள் இந்தி பேசுகின்றன. பாடம் நடத்திப் பழகப் போகும் பள்ளியில் என் இந்தியைக் கேட்டுப் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றிருந்தது. திங்கட்கிழமை டிக்கெட் வாங்கி அதிலேயே ஊருக்குத் திரும்பிவிடுவது, படிப்பு போனால் போகட்டும் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன்.

அறைத்தோழி சாவித்திரி இதற்குச் சம்மதிக்கவில்லை. அவள் இங்கேயே பிறந்தவள். கைதிகள் காலத்தில் வந்த குடும்பம். மெயின்லேண்டை அவள் பார்த்ததே கிடையாது.

"அரே, டவுனை ஒழுங்காப் பார்க்காமலே ஓடிப் போறியா? ரெண்டு நாள் என்கூட சுத்து. அப்புறம் உன் மர்ஸி" என்றாள். மர்ஸி என்றால் இஷ்டம். கூடவே திக்லிபூர் வங்காளிப் பெண் ஷெஃபாலியையும் சேர்த்துக்கொண்டாள். ஷெஃபாலிக்கு எங்கே போகிறோம் என்பது முக்கியமில்லை, போனால் போதும்.

காலை ஏழரை பஸ். டிக்கெட் நாற்பது பைசா. சன்னலோரம் வேண்டுமென்றால் கால்மணி முன்னதாகவே போய் நிற்க வேண்டும். கோழிக் கூடைகளுக்கும் அதே சன்னலோரம்தான் பிடிக்கிறது. கண்டக்டர் எங்கள் மூவரையும் பார்த்து, "கப்பல் பார்க்கவா, சினிமா பார்க்கவா?" என்றார்.

"ரெண்டும் அண்ணே" என்றாள் சாவித்திரி.

"சினிமான்னா இறங்கின உடனே ஓடுங்க. தமிழ்ப் படம் வந்து மூணு மாசமாச்சு. மதறாஸிங்க மட்டுமில்ல, எல்லா ஆளுங்களும் வருவாங்க."

அபர்தீன் பஜாரில் இறங்கியபோது எனக்குத் தெரிந்த ஊராகவே அது இல்லை. நான் முன்பு பார்த்தது கப்பல் வராத வாரத்து பஜார். பாதி அலமாரி காலியாக, கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். இது கப்பல் நாள் பஜார். வெங்காய மூட்டை பிரிக்கும் கடைகளில் கூட்டம். புதுப் புடவைகளைப் பிரித்துக் காட்டுகிறார்கள். பழைய பத்திரிகைகளைக் கட்டோடு வாங்கி, நடந்துகொண்டே படிக்கிறார்கள். மூன்று வாரத்துக்கு முந்தைய செய்தியை ஒருவர் இன்னொருவரிடம் பதறிப்போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார். இருபது பைசாவுக்கு இரண்டு சமோசா. நான் நான்கு தின்றேன்.

மரைன் ஹில்லில் சாவித்திரியின் சித்தப்பா வீட்டில் பைகளை வைத்தோம். சித்தப்பாவுக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் வேலை. மேடேறும்போது மூச்சு வாங்கும். ஆனால் மேலே நின்றால் துறைமுகம் முழுவதும் தெரியும். என்னைக் கொண்டுபோக வேண்டிய கப்பலும் தெரிந்தது. அவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கையில் சின்னதாகத்தான் இருந்தது.

மதியம் இரண்டரைக்குக் காட்சி. கப்பலேற வருவதற்கு முந்திய வாரம் மதுரையில் அம்மாவோடு பார்த்த படம்தான். கிராமத்துப் பெண் சென்னைக்குப் போய் நர்ஸ் ஆகிறாள். அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் அவர் தேடி வர, அவள் வேலையை விட்டுவிட்டு அவரோடு ரயிலேறி ஊர் திரும்புகிறாள். அம்மா விசும்பினாள். நானும்தான். அதனால், பார்த்த படம் என்று தோழிகளிடம் சொன்னேனே ஒழிய, கதையைச் சொல்லவில்லை.

பெண்கள் பெஞ்சில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். வங்காளிகள், தெலுங்கர்கள், மலையாளிகள் எல்லோரும் இருந்தார்கள். வசனம் புரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் இந்தியில் சொல்வார்கள். அந்த முணுமுணுப்பு ஓயவே இல்லை. நகைச்சுவை வந்தால் தமிழர்கள் முதலில் சிரிப்பார்கள். கொஞ்சம் பொறுத்து மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒவ்வொரு சிரிப்பும் இரண்டு தடவை.

அப்பா சென்னை வந்து மகளின் அறைக் கதவைத் தட்டுகிறார். அவ்வளவுதான், திரை வெள்ளையாகிவிட்டது. மேனேஜர் டார்ச் விளக்கோடு முன்னால் வந்து கும்பிட்டார். கடைசி ஃபிலிம் பெட்டி ஜெட்டியிலிருந்து வரவில்லையாம். மீதி எப்படியும் இடைவேளைக்குள் வந்துவிடும் என்று நம்பி, வந்த பெட்டிகளை வைத்துப் படத்தை ஆரம்பித்துவிடுவது அவர் வழக்கமாம். ஒரே கூச்சல். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், "மெயின்லேண்ட்ல யாராச்சும் பார்த்திருந்தா மிச்சத்தைச் சொல்லுங்கப்பா!"

சாவித்திரி என் கையைப் பிடித்து உயரே தூக்கிவிட்டாள். "இதோ! இவ பார்த்திருக்கா!"

"விடுடி, எனக்கு வராது."

"நீ தமிழ்ல சொல்லு. இந்திக்கு நான் இருக்கேன்ல? சலோ."

பெஞ்சின்மேல் ஏற்றிவிட்டார்கள். முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிலேயே குரல் எழும்பாதவள் நான். முன்னால் இருநூறு தலைகளாவது இருந்திருக்கும். யாரும் சிரிக்கவில்லை. கதை வேண்டும் அவர்களுக்கு, அவ்வளவுதான். அப்பா கதவைத் தட்டினார் என்று ஆரம்பித்தேன். நான் ஒரு வரி சொன்னால் சாவித்திரி பத்து வரி பேசினாள். நான் சிரிக்கச் சொல்லாத இடத்திலெல்லாம் சிரித்தார்கள். ரயில் நிலையம் வந்தது. கார்டு பச்சைக் கொடி காட்டினார். அப்பா ஏறிக்கொண்டு, மகளுக்காகச் சன்னல் வழியே கை நீட்டினார்.

அந்த இடத்தில் நின்றுவிட்டேன்.

"ஃபிர்?" என்றார் ஒருவர். "அப்புறம்?" என்றாள் ஒரு கிழவி.

அவளை ரயிலில் ஏற்ற என்னால் முடியவில்லை. எவ்வளவு முயன்றும் கால் எழவில்லை, அவளுக்கு. "அவ ஏறலை" என்றேன். "வண்டி போயிடுச்சு. பிளாட்பாரத்துலேயே நின்னா. அப்புறம் திரும்பி ஆஸ்பத்திரிக்கு நடந்தா. அதோட படம் முடிஞ்சுது."

கைதட்டலும் ஒரு விசிலும். வெளியே வந்தபோது ஐந்தரை, இருட்டிவிட்டது. இங்கே தை மாதத்தில் அப்படித்தான், ஊர்க் கணக்கில் மாலைத் திட்டம் போடாதீர்கள். சாவித்திரி தன் மொழிபெயர்ப்பில் ஒரு டாக்டரையும் கல்யாணப் பேச்சையும் சேர்த்துவிட்டாள் என்று ஷெஃபாலி காட்டிக்கொடுத்தாள்.

ஞாயிறு காலை ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். (அவசியம் பாருங்கள். காலை எட்டு மணிக்குள் போனால், தீவுகளுக்குக் கிளம்பும் ஆடு, சைக்கிள், மணப்பெண் எல்லாம் ஒரே பலகையில் ஏறும்.) சித்தப்பா சிரித்துக்கொண்டே வந்தார். "பெட்டி மில் கயா! ரங்கத் போற போட்டுல, வெங்காய மூட்டைக்கு அடியில இருந்துச்சு. நேத்து டிக்கெட் எடுத்தவங்களுக்குப் பத்து மணிக்கு ஃப்ரீயாக் காட்டறாங்க."

"அடுத்த பஸ்ஸுல போயிடலாம்" என்றேன். இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

நேற்றைய கூட்டம் அப்படியே வந்திருந்தது. பச்சைக் கொடி காட்டினார்கள். அப்பா கை நீட்டினார். அவள் ஏறினாள். ரயில் நகர்ந்தது. பிறகு பெண்கள் பெஞ்சிலிருந்து, "அடிப்பாவி, ஏறிட்டாளே!" வரிசையாகத் தலைகள் என் பக்கம் திரும்பின. நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் வெங்காயப் பையோடு ஓர் அம்மாள் என்னை வழிமறித்தாள். "ஏம்மா, நேத்து நல்லாத்தானே நின்னுக்கிட்டு இருந்தா. ராத்திரியோட ராத்திரியா யாரு ஏத்திவிட்டது?"

"மெயின்லேண்ட்காரங்க, மௌஸி!" என்றாள் சாவித்திரி.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "உன் படம்தான் சரி" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். எனக்குப் பின்னால் இரண்டு வங்காளி இளைஞர்கள், எந்த முடிவு உண்மையானது என்று இந்தியில் சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள். அதில் ஒருவன் என்னிடமே கேட்டான். அவள் நின்றிருப்பாள், எனக்குத் தெரியும் என்று இந்தியில் சொன்னேன். இலக்கணம் எப்படியிருந்ததோ, அவனுக்குப் புரிந்துவிட்டது. சாவித்திரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அது அவளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

நீங்களும் போவதாக இருந்தால் சில யோசனைகள். கப்பல் வந்த மறுநாளாகப் பார்த்துப் போங்கள். குடையை மறக்காதீர்கள். தங்குவது, பஸ், சாப்பாடு, சினிமா எல்லாம் சேர்த்து எனக்கு ஐந்து ரூபாய் கூட ஆகவில்லை. தங்குவதற்கு ஒரு சித்தப்பா வேண்டும், அவ்வளவுதான். படத்துக்குப் போனால், எல்லாப் பெட்டியும் வந்துவிட்டதா என்று முதலில் கேட்டுவிடுங்கள். அல்லது கேட்காதீர்கள். திரும்பி வரும் கடைசி பஸ் மாலை நான்கரைக்கு.

மெயின்லேண்ட் கப்பலுக்கு டிக்கெட் எங்கே கொடுக்கிறார்கள், எத்தனை மணிக்குத் திறப்பார்கள், வரிசை எவ்வளவு நீளம் என்பதையும் விசாரித்து எழுத நினைத்திருந்தேன். அதை நீங்கள் வேறு யாரிடமாவதுதான் கேட்க வேண்டும். திங்கட்கிழமை எனக்கு வகுப்பு இருந்தது.