வாளிக்குள் எகிப்து நீலம்

எங்கள் ஓர்லிகோன் கட்டடத்தின் கீழ்த்தளச் சலவை அறை குடும்பத்துக்கு ஒரு நாள் என்ற முறைப்படி கிடைக்கும். அன்று எங்கள் முறை. ஞாயிற்றுக்கிழமை பீல் நகரில் கலியாணம். என் வேட்டியோ பழுப்பேறிப் போயிருந்தது. நம்மவருக்கு வெள்ளை உடுப்பு என்றால் கடைசித் தண்ணீரில் நீலம் போட வேண்டும். குசினி மேசையில் ஒரு ஜாம் போத்தல். உள்ளே நீலத் தூள். ஒட்டியிருந்த கடதாசியில் தமிழில் 'நீலம்'. மனைவி தமிழ்க் கடையில் வாங்கியிருக்கிறாள் என்று மெச்சியபடி கீழே கொண்டுபோய், முழுவதையும் வாளித் தண்ணீரில் கொட்டிக் கையால் கலக்கி, வேட்டியை முக்கினேன். கஞ்சத்தனம் எனக்குப் பழக்கமில்லை.

பள்ளிக்கூடத்தால் வந்த மகள் படியிறங்கி வந்தாள்.

"அப்பா, மேசையிலை இருந்த போத்தல் எங்கை?"

நான் வாளியைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

"முழுக்கவோ?"

"ஓம்."

மத்துரா என்ற பள்ளி இறுதித் தேர்வு முடிக்கும் பிள்ளைகள் ஓர் ஆய்வு செய்து ஆசிரியர்கள் முன் விளக்க வேண்டும். அவளுடைய ஆய்வு எகிப்து நீலம். மணல், சுண்ணாம்பு, செம்பு, கொஞ்சம் சோடா எல்லாம் சேர்த்துச் சூளையில் வேகவைத்துப் பழைய எகிப்தியர் செய்த நிறம். சிலைக்கும் சுவருக்கும் பூசினார்கள், சின்னக் கிண்ணங்கள்கூடச் செய்தார்கள். பள்ளிக்கூடச் சூளையில் மகளுக்கு ஒருமுறை பச்சையாக வந்தது, ஒருமுறை கரியாக. கடைசியில்தான் நீலம் வந்தது. வந்தது அவ்வளவும் அந்தப் போத்தலில். விளக்கம் நாளைக்கு.

"பிறகேன் பிள்ளை தமிழிலை எழுதினனீ?"

"வகுப்பிலை ஒருத்தரும் எடுக்கக்கூடாதெண்டுதான்."

வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் எடுத்துவிட்டான்.

செம்பு என்ற சொல் அப்போதுதான் என் ஈரக் கைக்கு எட்டியது. கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, தலை சுற்றுகிறது என்றேன். சத்தம் கேட்டு இறங்கி வந்த மனைவி ஒரு பார்வை பார்த்தாள்.

"செம்பிலை தண்ணி குடிக்கேக்கை சுத்தாத தலை, இப்ப சுத்துதோ?"

தலை உடனே நின்றுவிட்டது. அள்ளியாவது எடுப்போம் என்று வாளிக்குள் கையை விட்டேன்.

"ஆட்டாதேங்கோ அப்பா. அது கரையாது. ஆயிரக்கணக்கான வருசம் மண்ணுக்குள்ளை கிடந்து மாறாத நிறம், உங்கடை வாளித் தண்ணிக்கோ மாறும்?"

வேட்டியை மெல்ல உதறி எடுத்துவிட்டு மூவரும் வாளியைச் சுற்றிக் குந்தியிருந்தோம். தண்ணீர் தெளிந்தது. அடியில் நீலம் படிந்து கிடந்தது. மகள் அதைக் கோப்பி வடிதாளில் வடித்து, ஹீற்றர் மேல் காயவைத்தாள். முக்கால் போத்தல் தேறியது. வேட்டி மட்டும் பழைய பழுப்பு.

"மிச்சம் எங்கை?" என்றேன்.

அவள் சிவப்பு டோர்ச்சை வேட்டியில் அடித்து, அகச்சிவப்பு ஒளியை மட்டும் பார்க்கும்படி வடிகட்டி மாற்றிய தன் பழைய கமெராவைக் காட்டினாள். வெறும் கண்ணுக்குத் தெரியாத தூள் திரையில் வெள்ளையாக ஒளிர்ந்தது. சிவப்பு ஒளி பட்டால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பை வீசுவது எகிப்து நீலத்தின் குணமாம்.

"நாளைக்கு இந்த வேட்டியையும் கொண்டு போறன், அப்பா."

"அப்ப கலியாணத்துக்கு? எங்கடை சலவை முறை இனி அடுத்த கிழமைதானே?"

"காற்சட்டை," என்றாள் மனைவி.

மறுநாள் பெற்றோருக்கும் இடம் தந்தார்கள். நான் லைற் சுவிட்சுக்குப் பக்கத்தில், என்னைத்தான் சோதிக்கிறார்கள் போல உட்கார்ந்திருந்தேன். மகள் தடங்கலில்லாமல் ஜெர்மனில் விளக்கினாள். பிறகு வேட்டியை விரித்தாள். ஆசிரியர்கள் கழுத்தை நீட்டினார்கள். அவள் என் பக்கம் திரும்பி, எல்லார் முன்னாலும் தமிழில் சொன்னாள்:

"அப்பா, லைற்றை நூருங்கோ."

நூர்த்தேன். அறை இருண்டது; அவள் சிவப்பு டோர்ச்சை அடித்தாள். திரையில் என் வேட்டி நட்சத்திர வானம்போல் மின்னியது.