உட்காரும் உயரம்

தனப்பிரியாவுக்குக் கோபம் வந்தால் பாத்திரம் உருளாது, கதவு அறைபடாது. பேச்சில் மரியாதை கூடும். சாதாரண நாளில் "சோறு ஆச்சு, வாங்க" என்பவள், கோபத்தில் "சோறு ஆச்சுங்க, வாரதுன்னா வாங்க, இல்லீன்னா இருங்க" என்பாள். அதைக் கேட்டால் வீட்டில் எல்லாரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். ஒதுங்காத ஒரே ஆள் அவள் புருஷன் குணசீலன். அதற்குக் காரணம் தைரியம் அல்ல. அவன் வீட்டில் இருந்தால்தானே ஒதுங்குவதற்கு.

குணசீலனுக்கு ரிக் தொழில். ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி இரண்டை வைத்துக்கொண்டு சத்தீஸ்கரில் கிடக்கிறான். அங்கே ஆனியில் மழை பிடித்துத் தொழில் நின்றால் திருச்செங்கோட்டுப் பக்கம் வருவான், மழை விட்டால் போய்விடுவான். ரிக்கு வீட்டுப் பிள்ளைகள் பாதிப்பேர் மாசி பங்குனியில் பிறந்தவர்கள் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. கேலி என்றாலும் கணக்கு சரிதான். கௌசிக் மாசி, மோனிஷா பங்குனி. இப்போது வயிற்றில் இருப்பதற்கும் பங்குனியில்தான் நாள் சொல்லியிருந்தார்கள்.

தனப்பிரியா சேந்தமங்கலத்துப் பெண். என்ஜினியரிங் படித்தவள். படிப்புக்கு ஏற்ற வேலைக்குப் போகாதே என்று இந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு கார் ஓட்டப் பழகிக்கொண்டாள், அதுவே வேலையாகிவிட்டது. பள்ளிக்கூடம், தீவனக்கடை, கல்யாணம், எழவு, பேங்கு எல்லாம் அவள்தான். வீட்டுக்கு ஆம்பளை துணை வேண்டாமா என்று கேட்கிற சொந்தக்காரர்களுக்கும், ரயிலடியில் போய் ஏற்றிக்கொண்டு வர அவள்தான் வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய வேலை மாமனார் சின்னண்ணன். அந்தக் காலத்தில் லாரி ஓட்டியவர், பிறகு சொந்த லாரி வைத்தவர். அவர் ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஒரே எவ்வில் கேபினுக்குள் ஏறுவதைப் பார்க்கவே பையன்கள் நிற்பார்களாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் போய்விட்டன. பேச்சும் பாதிதான் திரும்பியது. வாரத்தில் இரண்டு நாள் நாமக்கல்லுக்கு அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுக்க வேண்டும். விட்டுவிட்டால் இருக்கிற நடையும் போய்விடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அவரைக் காரில் ஏற்றுவதற்கு அவள் ஒரு முறை வைத்திருந்தாள். கதவைத் திறந்து, காருக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, அப்படியே பின்பக்கமாக உட்கார வைப்பாள். வலது காலை அவரே உள்ளே இழுத்துக்கொள்வார். இடது காலை இவள் தூக்கி வைப்பாள். ஏற்றுவது இப்படி முடிந்துவிடும், இறக்குவதுதான் பாடு. பழைய கார் தரையோடு தரையாக இருக்கும். பள்ளத்தில் உட்கார்ந்தவரைக் கையைக் கோத்து இழுத்து நிமிர்த்த வேண்டும். வயிற்றில் பிள்ளையோடு அப்படி இழுக்கக் கூடாது என்று அவளுடைய டாக்டர் திட்டினாள். திட்டினால் ஆயிற்றா? வேறு யார் இழுப்பது?

அதனால் வேறு கார் வாங்க வேண்டும் என்பதில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் கருத்து வித்தியாசமே இல்லை. வித்தியாசமெல்லாம் எந்தக் கார் என்பதில்தான்.

வீட்டில் சின்னண்ணன் சிரமப்படாமல் உட்கார்ந்து எழுவது ஒரே ஒரு மர நாற்காலியில். தனப்பிரியா சணல் கயிறு ஒன்றை எடுத்து, தரையிலிருந்து அந்த நாற்காலிப் பலகை வரைக்கும் பிடித்து, அந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டாள். கயிற்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சேலத்தில் ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கினாள். விற்க வந்த பையன்கள் சன்ரூப், பெரிய திரை, பாட்டுப்பெட்டி என்று ஒப்பித்துக்கொண்டிருக்க, இவள் குனிந்து தரையில் கயிற்றை வைத்து முன்சீட்டு வரைக்கும் பிடித்துப் பார்ப்பாள். ஒன்றில் முடிச்சு சீட்டுக்குக் கீழே நின்றது. இன்னொன்றில் சீட்டு முடிச்சுக்குக் கீழே கிடந்தது. நான்காவது இடத்தில், நடுத்தரமான ஒரு கிராஸ்ஓவர் வண்டியில், முடிச்சும் சீட்டும் ஒட்டி நின்றன. கதவும் அகலமாகத் திறந்தது. பின்னால் மூன்று பிள்ளைகள் தாராளமாக உட்காரலாம். மாமனாரின் சக்கர நாற்காலியை மடக்கி வைக்க டிக்கியில் இடம் இருந்தது.

"நல்ல செலக்சன் மேடம்," என்றான் அங்கே இருந்த இனியன் என்கிற பையன். "சார் எப்ப வருவாங்க?"

"எதுக்குங்க?"

"இல்ல மேடம், சார் ஒரு தடவ பாத்துட்டார்னா புக் பண்ணிடலாம்."

ஓட்டப்போகிறவள் எதிரில் நிற்கிறாள். எங்கோ சத்தீஸ்கரில் இருக்கிற சார் வந்து பார்க்க வேண்டுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து குணசீலனிடம் போனில் வண்டியின் பெயரைச் சொன்னாள்.

"அதா? அது பொம்பள வண்டி," என்றான்.

"ஓட்டப்போறது பொம்பளதானுங்க."

"அது இல்ல பிரியா. குடும்பம் பெருசாவுது. ஏழு சீட்டு வேணும். நம்ம கருப்பண்ணன் எடுத்திருக்கறான் பாரு, அந்த வண்டி. ஒசரம்னா ஒசரம். கொல்லிமலைய அசால்ட்டா ஏறும்."

"கொல்லிமலைக்கு யாரு போறதுங்க? நாமக்கல் ஆஸ்பத்திரிக்குத்தான் போகோணும். மாமாவால ஒசரத்துல ஏற முடியாதுங்க. கயிறு வெச்சு அளந்து பாத்துட்டனுங்க."

"அப்பாவுக்கு ஒசந்த வண்டிதான் புடிக்கும், உனக்குத் தெரியாது. ஏற ஸ்டெப்பு ஒண்ணு அடிச்சுக்கலாம்."

ஊன்றி நிற்க ஒரு கால் இல்லாதவருக்கு ஸ்டெப்பு எதற்கு என்று அவள் கேட்பதற்குள் அங்கே மிஷின் சத்தம் கிளம்பிவிட்டது. ரிக்குக்காரன் போனை வைப்பதற்கு அதைவிட நல்ல சாக்குக் கிடையாது. செவிடன் காதில் ஊதிய சங்காவது பரவாயில்லை. இவன் கேட்டுவிட்டுக் கேட்காதவன்.

பொங்கலுக்கு நான்கு நாள் லீவில் வந்தான். மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் காலையில் எல்லாரையும் கிளப்பி, பழைய காரையும் அவளையே ஓட்டச் சொல்லி, சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். எதற்கு என்று கேட்டால் சிரித்தான். பெரிய ஷோரூம் வாசலில் இவர்கள் பெயரைப் போட்டுப் பலகை வைத்திருந்தபோதுதான் அவளுக்கு விளங்கியது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் புக் செய்து, பதிவும் முடித்துவிட்டிருந்தான். சர்ப்ரைஸாம்.

சிவப்புத் துணியை இழுத்தார்கள். கருப்பு நிறத்தில், வீட்டு மதில்சுவர் உயரத்துக்கு நின்றது வண்டி. கேக் வந்தது. ஆள் உயர அட்டைச் சாவியைக் கௌசிக் கையில் கொடுத்தார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். போட்டோக்காரர் எல்லாரையும் சிரிக்கச் சொன்னார். தனப்பிரியா வண்டியைப் பார்க்கவில்லை, சீட்டின் உயரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிறு தேவைப்படவில்லை. சீட்டு மாமனார் இடுப்பு உயரத்தில் இருந்தது.

"அப்பா, நீங்கதான் மொதல்ல ஏறோணும். முன்சீட்டு உங்களுக்குத்தான்," என்றான் குணசீலன். நிஜமான பாசத்தோடுதான் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

சின்னண்ணன் கதவருகே போய் நின்றார். வலது கை பழக்கத்தில் மேலே போய்க் கம்பியைத் தேடியது. வலது காலைத் தூக்கப் பார்த்தார். அதைத் தூக்கினால் இடது காலில் நிற்க வேண்டும், அது நிற்காது. மறுபடி தூக்கினார். தனப்பிரியா வந்து முதுகு காட்டித் திரும்ப வைத்தாள். சீட்டின் விளிம்பு அவர் இடுப்பில் போய் இடித்தது.

"தூக்கிடலாம் சார், ஒண்ணும் பிரச்சனை இல்ல," என்று இரண்டு பையன்கள் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். தூக்கிய தூக்கில் வேட்டி நழுவியது. போட்டோக்காரர் நிறுத்தாமல் எடுத்துக்கொண்டிருந்தார். சின்னண்ணன் ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "எறக்கி உடுங்க," என்றார். இறக்கினார்கள். வேட்டியை அவரால் கட்டிக்கொள்ள முடியவில்லை. ஊர் பார்க்கத் தனப்பிரியா கட்டிவிட்டாள்.

"நீங்க போங்க சாமி," என்றார் மகனிடம். வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது. "நான் பஸ்ஸுல வாரேன்."

பஸ்ஸில் ஏறி மூன்று வருஷமான மனுஷர் அதைச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் பேப்பர் கொண்டு வந்து நீட்டினாள். பழைய கார் சின்னண்ணன் பெயரில் இருந்தது. அதை மாற்றாகக் கொடுப்பதற்கு அவர் கையெழுத்து வேண்டுமாம். மாப்பிள்ளை இல்லாத கல்யாணத்துக்கு மேளக்காரன் வந்து கூலி கேட்டது போல இருந்தது.

"மாமா, அதுல கை வெக்காதீங்க," என்றாள் தனப்பிரியா. பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க, நீங்க கேக்கு வெட்டுங்க, போட்டோ எடுத்துக்குங்க, ஏழு சீட்டுலயும் நீங்களே மாறி மாறி உக்காந்துக்குங்க. நாங்க போறமுங்க."

குணசீலன் முதல்முறையாக ஒதுங்கி வழிவிட்டான்.

பழைய காரைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய், முன்னால் ஒட்டியிருந்த பிள்ளையாரைக் கூடப் பெயர்த்து வைத்துவிட்டார்கள். அவள் பிள்ளையாரையும் சாவியையும் வாங்கிக்கொண்டாள். மாமனாரை அவள் முறைப்படி உட்கார வைத்தாள், காலைத் தூக்கி உள்ளே வைத்தாள், பிள்ளைகளைப் பின்னால் ஏற்றினாள். மகனிடமிருந்து அட்டைச் சாவியை வாங்கி அங்கேயே சுவரில் சாய்த்துவிட்டுக் கிளம்பினாள். சங்ககிரி வரும்வரைக்கும் கண்ணாடியில் கருப்பு வண்டி பின்னாலேயே வந்தது.

"அவன் மேல கோவப்படாத அம்மிணி," என்றார் சின்னண்ணன்.

"படுவனுங்க மாமா," என்றாள்.

வீட்டுக்கு வந்து குணசீலன் வெகுநேரம் வண்டியை விட்டு இறங்கவில்லை. பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"அப்பா லாரில ஏறறத நீ பாத்ததில்ல பிரியா. அப்பிடி ஏறுவாரு. எனக்கு அதுதான் கண்ணுக்குள்ளயே நிக்குது."

"நிக்குமுங்க. அதுக்கப்பறம் நீங்க பாக்கலீல்ல. நீங்க வாரப்ப அவரு நாற்காலில உக்காந்திருப்பாரு, நீங்க போறப்பவும் உக்காந்திருப்பாரு. எப்பிடி உக்காந்தாரு, எப்பிடி எந்திரிச்சாருன்னு ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? நான் சொன்னா பொம்பள வண்டிங்கறீங்க." தோசையைத் திருப்பினாள். "நாளைக்கு ஆஸ்பத்திரி நாளுங்க. நீங்க கூட்டிட்டுப் போங்க. பழைய வண்டில."

"நீ?"

"எனக்கு இடுப்பு வலிக்குதுங்க." அது பொய்யில்லை. மூன்று மாதமாக வலிக்கிறது, இன்றைக்குத்தான் சொன்னாள்.

காலையில் போனவர்கள் மத்தியானம் திரும்பினார்கள். தனப்பிரியா ஜன்னலிலிருந்து பார்த்தாள், வெளியே போகவில்லை. குணசீலன் அப்பனின் கையைக் கோத்து இழுத்தான். பாறையில் குழாய் இறக்குகிறவன். முதல் இழுப்பில் வரவில்லை. இரண்டாவதில் அவனே சறுக்கினான். மூன்றாவதில்தான் எழுந்தார். அவன் சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. உள்ளே வந்து சொம்பில் தண்ணீர் மொண்டு குடித்தான், அவள் வயிற்றைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்கு இரக்கம் வரவில்லை. வர வேண்டும் என்று அவள் முயற்சியும் செய்யவில்லை.

"அந்தப் பெரிய வண்டிய இப்ப என்ன பண்றது?" என்றான்.

"ரிக்குக்கு எடுத்துட்டுப் போங்க. போர் போடறதுக்குப் பாயின்ட் பாக்கப் போக ஒரு வண்டி வேணும்னீங்கல்ல. அங்க ஏறறதுக்கு ஆளு இருக்குது."

"சரி. நீ பாத்த வண்டியவே எடுத்துக்க. ஆனா அது அஞ்சு சீட்டுதான். நீ, அப்பா, மூணு புள்ளைங்க. எனக்கு எடம்?"

"பத்து மாசம் காலியா கெடக்கறதுக்கு ஒரு சீட்டு எதுக்குங்க? வாரப்ப பஸ்ஸுல வாங்க."

கருப்பு வண்டி மறுநாள் வடக்கே போயிற்று. அந்த வாரமே தனப்பிரியா மாமனாரைக் கூட்டிக்கொண்டு சேலத்துக்கு, அந்த நான்காவது ஷோரூமுக்குப் போனாள். இந்த முறை கயிறு எடுத்துப் போகவில்லை. வண்டிக் கதவைத் திறந்து, மாமனாரை முதுகு காட்டி நிற்க வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு விலகி நின்றாள். அவர் உட்கார்ந்தார். வலது காலை உள்ளே இழுத்தார். பிறகு வலது கையால் இடது முழங்காலைப் பிடித்து அந்தக் காலையும் உள்ளே தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு இறங்கினார். யாரும் இழுக்கவில்லை, கதவைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்து நின்றார். சொல்லாமலே மறுபடி உட்கார்ந்தார்.

"புக் பண்ணிக்குங்க," என்றாள் இனியனிடம்.

அவன் பேச்சை இழுத்தான். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. பெரிய தொகை. சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டா..."

தனப்பிரியா காருக்குள் கையைக் காட்டினாள்.

"சார் உள்ள உக்காந்திருக்காருங்க. கேளுங்க."

இனியன் திரும்பிப் பார்த்தான். சின்னண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வலது கையைக் குறுக்கே நீட்டிக் கதவை எட்டிப் பிடித்துத் தானே இழுத்துச் சாத்திக்கொண்டார்.