மேடம் வாற நாளைக்கு லீவு

மகளுக்கு நாலு வயசு. இன்னும் கதைக்கத் தொடங்கல்ல.

"நாளைக்கு ஆஸ்பத்திரி மேடம் வாறாங்க, புள்ளைய வீட்ட வெச்சுக்கோங்க" என்டு நேசரி டீச்சர் நேத்துச் சொன்னாங்க.

"மேடம் வாறதே கதைக்கப் பிந்தின புள்ளைகளக் கண்டுபிடிச்சு உதவி செய்யத்தானே!" என்டேன்.

"ஓம், ஆனா எங்கட நேசரிக்கு வெக்கம் தானே" என்டாங்க டீச்சர்.

இன்டைக்கு மகளுக்குப் பெருநாள் சட்டையப் போட்டு, முன் கதிரையிலயே கொண்டுபோய் இருத்தினேன்.

"பேர் என்ன மகள்?" மேடம் கேட்டாங்க.

"ஸஹ்ரா" என்டாங்க டீச்சர்.

"எத்தின வயசு?"

"நாலு." அதுவும் டீச்சர்தான்.

"மேடம், டீச்சர் நல்லாக் கதைக்கிறாங்க. இனி மகளப் பாருங்க" என்டேன்.

மகள்ட பேர் லிஸ்ட்ல ஏறிட்டு. அடுத்த மாசம் கிளினிக்.

அதுக்குப் பொறகு டீச்சர் என்னோட ஒரு வார்த்தை கதைக்கல்ல. அவங்களுக்கும் கிளினிக்ல ஒரு நம்பர் எடுக்கவா, சொல்லுங்க கரைத்தீவு ஆக்களே?